ஓட்டுச் சந்தில் ஒரு சாவி!

போடிநாயக்கனூருக்கு வந்திருக்கிறீர்களா பிள்ளைகளே? தேனி மாவட்டத்தில், மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில் இருக்கிறது எங்கள் ஊர். பஸ்சை விட்டு இறங்கி நிமிர்ந்தால் மலை தெரியும். மலை கண்ணில் படுவதற்கு முன்பே ஏலக்காய் வாசனை மூக்கில் ஏறிவிடும். கடைத்தெருப் பக்கம் நடந்தால், பெண்கள் வரிசையாக உட்கார்ந்து, பருத்தது, சிறுத்தது, வெடித்தது என்று காயைத் தரம் பிரித்துக்கொண்டிருப்பார்கள்.

அந்தக் காய் விளைவது மேலே, மலையில். விடியற்காலையிலேயே ஜீப்புகள் கிளம்பிவிடும். தூக்குவாளியில் சோற்றை எடுத்துக்கொண்டு அம்மாக்கள் ஏறி உட்காருவார்கள். போடிமெட்டுப் பாதையில் 17 கொண்டை ஊசி வளைவுகள். அவற்றைத் தாண்டினால் கேரளத்தின் இடுக்கி மாவட்டம். அங்கே உள்ள ஏலத்தோட்டங்களில் காய் எடுத்துவிட்டு, சாயங்காலம் அதே ஜீப்பில் இறங்குவார்கள்.

ஏலக்காய்க்கு 'நறுமணப் பொருள்களின் ராணி' என்று பெயர். ராணி என்றால் விலையும் ராணி விலைதான்! 2019 ஆகஸ்டில், ஏலத்தில் ஒரு கிலோ 7,000 ரூபாய் வரைக்கும் போனது. அதனால் திருட்டுப் பயமும் உண்டு. தோட்டத்துக்குக் காவல் போடுவார்கள். காயை உலர்த்தி வைக்கும் ஸ்டோருக்குப் பெரிய பூட்டுப் போடுவார்கள். நல்ல பூட்டுக்கு நாங்கள் எங்கேயும் அலைய வேண்டியதில்லை. திண்டுக்கல் பக்கத்தில்தானே இருக்கிறது! திண்டுக்கல் பூட்டுக்கு 2019-ல் புவிசார் குறியீடே கிடைத்திருக்கிறது.

எங்கள் தெருவில் ஒரு வீட்டில் அப்படி ஒரு கனமான பூட்டு இருந்தது. வேலைக்குக் கிளம்பும்போது பூட்டுவார்கள். இழுத்துப் பார்ப்பார்கள். நாலு அடி நடந்து, சந்தேகம் வந்து, திரும்பவும் வந்து இழுத்துப் பார்ப்பார்கள். அப்புறம் சாவியை ஓட்டுச் சந்தில் செருகிவிட்டு ஜீப் ஏறிவிடுவார்கள்! பள்ளிக்கூடம் விட்டு வரும் பிள்ளை எடுக்க வேண்டும் அல்லவா? சாவி எங்கே இருக்கும் என்பது தெருவுக்கே தெரியும். பூட்டு நல்ல பூட்டுத்தான். உடைக்க வேண்டுமென்றால் அரை நாள் ஆகும். ஆனால், கையை நீட்டினால் சாவி கிடைக்கும்போது எந்தத் திருடன் உட்கார்ந்து பூட்டை உடைப்பான்?

கம்ப்யூட்டரிலும் செல்போனிலும் நடக்கும் திருட்டுகளில் பல, இந்த ஓட்டுச் சந்துத் திருட்டுதான். படங்களில் காட்டுகிற மாதிரி, இருட்டு அறையில் ஒருவன் படபடவென்று தட்டியதும் திரையில் பச்சை எழுத்துகள் ஓடிக் கதவு திறப்பதெல்லாம் அபூர்வம். பெரும்பாலும் அவன் கதவைத் தட்டுகிறான். நாம்தான் திறந்து விடுகிறோம். எப்படி என்று பார்ப்போமா?

ஏலக்காய்க்கு ஏலம்

முன்பெல்லாம் ஏலக்காய் ஏலம் வாயால் கூறித்தான் நடக்கும். வியாபாரிகள் சுற்றி உட்கார்ந்திருப்பார்கள். ஒவ்வொரு குவியலில் இருந்தும் மாதிரிக் காய் வரும். அதைக் கையில் உருட்டி, உரித்து, முகர்ந்து பார்த்து விலை கேட்பார்கள். ஒருவர் ஒரு ரூபாய் ஏற்றினால் இன்னொருவர் இரண்டு ரூபாய் ஏற்றுவார். யார் கேட்கிறார், எவ்வளவுக்குக் கேட்கிறார் என்பது எல்லோர் காதிலும் விழும்.

2007-ல் போடிநாயக்கனூரில் நறுமணப் பொருள்கள் வாரியம் மின்னணு ஏலத்தைத் தொடங்கியது. ஏல மையத்தில் வியாபாரிகள் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து, பட்டனைத் தட்டி விலை கேட்கும் முறை வந்தது. ஆனால் ஒன்று. மாதிரிக் காயை இன்னும் கையில்தான் பார்க்கிறார்கள். முகர்ந்து பார்க்கிற கம்ப்யூட்டர் அங்கே இன்னும் வரவில்லை!

விலையை மறைத்துக் கேட்கும் வழக்கம் நமக்குப் புதிதல்ல. மாட்டுச் சந்தையில் பார்த்திருப்பீர்கள். இரண்டு பேர் கைகுலுக்குகிற மாதிரி நிற்பார்கள். கைகளின் மேல் ஒரு துண்டு கிடக்கும். துண்டுக்குள் விரலைப் பிடித்து விலை பேசுவார்கள். சுற்றி நூறு பேர் நின்றாலும் ஒருவருக்கும் தெரியாது. எவ்வளவு நல்ல ஏற்பாடு பாருங்கள்! ஆனால், பேசி முடித்தவர் டீக்கடையில் உட்கார்ந்து, "நான் முப்பத்திரண்டு சொன்னேன்யா, அவன் இருபத்தெட்டிலேயே நிக்கிறான்" என்று சத்தமாகச் சொல்லிவிட்டால்? துண்டு என்ன செய்யும், பாவம்!

கம்ப்யூட்டரில் நாம் போடும் பாஸ்வேர்டு அந்தத் துண்டு மாதிரிதான்.

எங்கள் பள்ளிக்கூடத்துக் கதை ஒன்று சொல்கிறேன். முதன்முதலில் கம்ப்யூட்டர் வந்தபோது, பாஸ்வேர்டு போட்டே ஆக வேண்டும் என்றார்கள். போட்டோம். ஆனால் ஆசிரியர்கள் ஆறு பேரும் மாற்றி மாற்றி மறந்துபோனோம். அதனால், சுவரில் தொங்கிய காலண்டரில் ஒரு தேதியின் மேல் சிவப்பு மையால் எழுதி வைத்தோம். யாருக்குத் தெரியப் போகிறது என்று நினைப்பு. ஒரு நாள் மதியம் போய்ப் பார்த்தால், ஐந்தாம் வகுப்புப் பையன் ஒருவன் கம்ப்யூட்டரைத் திறந்து வைத்து கார் ஓட்டி விளையாடிக்கொண்டிருக்கிறான்!

"எப்படிடா திறந்தே?" என்றேன்.

"காலண்டர்ல எழுதியிருக்கே டீச்சர்!" என்றான்.

நான் அவனைத் திட்டவில்லை. என்ன சொல்லித் திட்டுவது?

எங்களைப் போல ஆட்கள் உலகம் முழுக்க இருக்கிறார்கள் என்பது பிறகுதான் தெரிந்தது. அமெரிக்காவில் பெல் ஆய்வுக்கூடம் என்று ஒன்று. அங்கே ராபர்ட் மாரிஸ், கென் தாம்ப்சன் என்ற இரண்டு அறிஞர்கள், மக்கள் எப்படிப்பட்ட பாஸ்வேர்டு வைக்கிறார்கள் என்று ஆராய்ந்து 1979-ல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். அவர்கள் சேகரித்தவை 3,289 பாஸ்வேர்டுகள். அவற்றில் 2,831 எளிதில் கண்டுபிடிக்கக் கூடியவையாக இருந்தன. அதாவது நூற்றுக்கு 86! 15 பேர் ஒரே ஒரு எழுத்தைப் பாஸ்வேர்டாக வைத்திருந்தார்கள். ஒரே எழுத்து! அந்தக் காலத்தில் கம்ப்யூட்டர் பக்கம் போனவர்களே படித்தவர்கள்தான். அவர்களே இப்படி!

சரி, அது பழைய கதை. 2009-ல் 'ராக்யூ' என்ற நிறுவனத்தில் இருந்து 3 கோடியே 20 லட்சம் பாஸ்வேர்டுகள் திருடு போயின. அவற்றில் முதலிடம் பிடித்தது எது தெரியுமா? 123456. ஏறக்குறைய 2,90,000 பேர் அதையே வைத்திருந்தார்கள். முப்பது வருடம் ஆகியும் நாம் ஒன்றாம் வகுப்பு எண்ணிக்கையைத் தாண்டவில்லை!

இங்கே ஒரு சின்னக் கணக்கு. நான்கு இலக்க எண் என்றால் மொத்தம் 10,000 விதமாக வைக்கலாம். ஆறு ஆங்கிலச் சிறிய எழுத்துகள் என்றால் 26-ஐ ஆறு முறை பெருக்க வேண்டும். விடை 30,89,15,776. முப்பது கோடிக்கு மேல்! பன்னிரண்டு எழுத்து என்றால், 954 கோடியை ஒரு கோடியால் பெருக்கினால் எவ்வளவு வருமோ கிட்டத்தட்ட அவ்வளவு. நோட்டில் எழுதிப் பாருங்கள், எத்தனை இலக்கம் வருகிறது என்று. கம்ப்யூட்டர் நமக்கு இவ்வளவு பெரிய கோட்டையைக் கட்டிக் கொடுத்திருக்கிறது. அதில் நாம் போய் அப்பா பெயரையும் பிறந்த வருடத்தையும் வைக்கிறோம். அதைக் கண்டுபிடிக்கத் திருடன் கோடி முறை முயல வேண்டாம். ரேஷன் கார்டைப் பார்த்தால் போதும்.

'நினைவில் நிற்கவில்லையே, என்ன செய்வது?' என்று கேட்பீர்கள். நியாயமான கேள்விதான். மனிதமூளை கதையை ஞாபகம் வைக்கும், கிறுக்கலை வைக்காது. அதனால் சம்பந்தமே இல்லாத நான்கு சொற்களைச் சேர்த்துவிடுங்கள். தூக்குவாளி, ஆமை, புதன்கிழமை, ஊஞ்சல். தூக்குவாளியோடு ஒரு ஆமை புதன்கிழமை ஊஞ்சல் ஆடுகிறது. மறக்குமா? நீளமாகவும் இருக்கிறது. இதையே வைத்துவிடாதீர்கள், இதுதான் பேப்பரில் வந்துவிட்டதே!

ஒரு கடிதம் வந்தது

பாஸ்வேர்டு வலுவாக இருந்தாலும் போதாது. நாமே உள்ளே கூப்பிட்டுவிட்டால்?

2000-ம் ஆண்டு மே 4. பிலிப்பைன்ஸ் நாட்டின் மணிலாவில் இருந்து ஒரு மின்னஞ்சல் கிளம்பியது. 'உன்னை நேசிக்கிறேன்' என்று ஆங்கிலத்தில் தலைப்பு. கூடவே, அன்புக் கடிதம் என்ற பெயரில் ஒரு இணைப்பு. நம்மை யார் நேசிக்கிறார்கள் என்று தெரிந்துகொள்ள யாருக்குத்தான் ஆசை இருக்காது? தட்டினார்கள். உள்ளே இருந்தது கடிதம் அல்ல, வைரஸ். அது கம்ப்யூட்டரில் இருந்த படங்களையும் கோப்புகளையும் அழித்தது. அதோடு விடவில்லை. அவருடைய முகவரிப் பட்டியலில் இருந்த அத்தனை பேருக்கும், அவரே அனுப்புகிற மாதிரி, அதே கடிதத்தை அனுப்பியது. தெரிந்தவரிடம் இருந்து வந்ததால் அவர்களும் தட்டினார்கள். ஒரே நாளில் உலகத்தைச் சுற்றிவிட்டது. பிரிட்டிஷ் நாடாளுமன்றமே தன் மின்னஞ்சலை மூடி வைக்க வேண்டியதாயிற்று!

எழுதியது ஒரு பெரிய கூட்டம் அல்ல. 24 வயதுக் கல்லூரி இளைஞர் ஒருவர். இணையத்துக்குக் கட்டக் காசில்லாமல், மற்றவர்களின் பாஸ்வேர்டைத் திருடத்தான் அதை எழுதியிருக்கிறார். கம்ப்யூட்டர் குற்றத்துக்கு அந்த நாட்டில் அப்போது சட்டமே இல்லாததால் தண்டனையும் இல்லை. அவர் நம்பியது ஒன்றைத்தான்: ஆள் ஆசைப்பட்டுத் தட்டுவான்!

ஆசை ஒரு சாவி. அவசரம் இன்னொன்று. பயம் இன்னொன்று. இவை எல்லாம் கெட்ட குணங்கள், நமக்கு இல்லை என்று நினைத்துவிட வேண்டாம். மரியாதை, உதவும் மனசு, சொன்ன பேச்சைக் கேட்பது, இவையும் சாவிகள்தான். அடுத்த கதையைக் கேளுங்கள்.

மூன்று ஊர், மூன்று விடுமுறை

நம் நாட்டில் ரிசர்வ் வங்கி இருப்பது போல, வங்கதேசத்தின் தலைநகர் டாக்காவில் அந்த நாட்டின் மத்திய வங்கி இருக்கிறது. 2015 ஜனவரியில் அங்கே வேலை செய்தவர்கள் சிலருக்கு ஒரு மின்னஞ்சல் வந்தது. வேலை கேட்டு, பணிவாக எழுதப்பட்டது. விவரங்களைப் பார்க்க இதைத் திறக்கவும் என்று ஒரு இணைப்பு. யாரோ ஏழைப் பையன் வேலை கேட்கிறான், பார்ப்போமே என்று நினைத்திருக்கலாம். திறந்துவிட்டார்கள். திருடர்கள் உள்ளே வந்தார்கள்.

உடனே திருடினார்களா? இல்லை! ஒரு வருடம் சத்தமில்லாமல் இருந்தார்கள். அங்கே பணம் எப்படி அனுப்பப்படுகிறது என்பதைக் கவனித்துக்கொண்டே இருந்தார்கள். கம்ப்யூட்டரை மட்டும் படித்திருந்தால் இது சாதாரணத் திருட்டு. அவர்கள் மனிதர்களையும் படித்தார்கள்.

2016 பிப்ரவரி 4, வியாழக்கிழமை இரவு. அமெரிக்காவின் நியூயார்க்கில் வங்கதேசத்தின் பணம் வைக்கப்பட்டிருந்தது. அங்கே, வங்கதேச வங்கியே கேட்பது போல 35 உத்தரவுகளைத் திருடர்கள் அனுப்பினார்கள். மொத்தம் 95 கோடியே 10 லட்சம் டாலர்!

ஏன் வியாழக்கிழமை? யோசித்துப் பாருங்கள். வங்கதேசத்தில் வெள்ளியும் சனியும் விடுமுறை. அவர்கள் ஞாயிறு வேலைக்கு வந்து விழித்துக்கொண்டால், நியூயார்க்கில் சனி, ஞாயிறு விடுமுறை. பணம் போய்ச் சேருகிற இடங்களில் ஒன்று மணிலா. அங்கே திங்கள்கிழமை சீனப் புத்தாண்டு விடுமுறை! டாக்கா கத்தினால் நியூயார்க் தூங்கும். நியூயார்க் எழுந்தால் மணிலா கொண்டாட்டத்தில் இருக்கும். காலண்டரைச் சாவியாக்கிவிட்டார்கள். (காலண்டரில் பாஸ்வேர்டு எழுதிய நாங்கள் இதைக் குறை சொல்லக் கூடாது!)

இப்போது கவனியுங்கள். டாக்கா வங்கியின் பத்தாவது மாடியில் ஒரு பிரிண்டர் இருந்தது. பண உத்தரவு ஒவ்வொன்றையும் அது தானாகவே அச்சடிக்கும். திருடர்கள் அதை வேலை செய்யவிடாமல் செய்துவிட்டார்கள். வெள்ளிக்கிழமை காலை வந்து பார்த்தவர்களுக்குத் தட்டில் ஒரு தாளும் இல்லை. என்ன நினைத்தார்கள்? 'பிரிண்டர் மறுபடியும் மக்கர் பண்ணுகிறது, எப்போதும் நடப்பதுதானே!' அவ்வளவுதான். பூட்டு, சாவி எல்லாவற்றையும்விட இந்த 'எப்போதும் நடப்பதுதானே' பெரிய ஓட்டை என்று நான் நினைக்கிறேன்.

பின்னே எப்படி மாட்டினார்கள்? அங்கேதான் மனிதர்கள் காப்பாற்றினார்கள்.

2 கோடி டாலர் இலங்கையில் ஒரு அமைப்பின் பெயருக்குப் போய்க்கொண்டிருந்தது. அந்தப் பெயரில் 'பவுண்டேஷன்' என்ற ஆங்கிலச் சொல் வர வேண்டும். திருடர்கள் 'ஓ', 'யு' என்ற இரண்டு எழுத்துகளுக்குப் பதிலாக 'ஏ' போட்டு, 'ஃபாண்டேஷன்' என்று எழுதிவிட்டார்கள். வழியில் இருந்த வங்கியில் அது கண்ணில் பட்டது. இவ்வளவு பெரிய தொகை, பெயரில் இப்படி ஒரு பிழையா என்று கேள்வி வந்தது. பணம் நின்றது! 'ஸ்பெல்லிங் எதுக்கு டீச்சர், அர்த்தம் புரிஞ்சா போதாதா?' என்று என்னிடம் முப்பது வருடமாகக் கேட்ட அத்தனை பேருக்கும் இந்தப் பத்தியை அனுப்பி வைக்க ஆசை.

நியூயார்க்கில் பெரும்பாலான உத்தரவுகள் வேறு காரணத்தால் நின்றன. மணிலாவில் பணம் போக வேண்டிய வங்கிக் கிளை இருந்த தெருவின் பெயர் ஜூபிடர். தடை செய்யப்பட்ட ஒரு கப்பலுக்கும் அதே பெயர். அந்தச் சொல்லைக் கண்டதும் நிறுத்தி விசாரித்தார்கள். அது வெறும் அதிர்ஷ்டம். ஆனாலும் 8 கோடியே 10 லட்சம் டாலர், அன்றைய மதிப்பில் 500 கோடி ரூபாய்க்கும் மேல், மணிலாவுக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது. 2018-ல் அமெரிக்கா இந்தத் திருட்டுக்காக வட கொரியாவைச் சேர்ந்த ஒருவர் மீது வழக்குத் தொடுத்தது.

கூடங்குளத்தில் நடந்தது

இதெல்லாம் எங்கோ வெளிநாட்டில் என்று நினைக்காதீர்கள். நம் திருநெல்வேலி மாவட்டத்துக் கூடங்குளத்துக்கு வாருங்கள். அங்கே அணுமின் நிலையம் இருக்கிறது அல்லவா? 2019 செப்டம்பர் 4-ம் தேதி, நாட்டின் கம்ப்யூட்டர் பாதுகாப்பைக் கவனிக்கும் 'செர்ட்-இன்' என்ற அரசு அமைப்பு, அங்கே ஒரு கம்ப்யூட்டரில் வேவு பார்க்கும் நிரல் புகுந்திருப்பதைத் தெரிவித்தது. அக்டோபர் கடைசியில் செய்தி வெளியே கசிந்தது. 29-ம் தேதி, அப்படித் தாக்கவே முடியாது என்று நிலையத்தின் தரப்பில் அறிக்கை வந்தது. மறுநாளே, புகுந்தது உண்மைதான் என்று இந்திய அணுமின் கழகம் ஒப்புக்கொண்டது.

அணு உலைக்கு ஆபத்து வந்ததா? வரவில்லை. காரணம் என்ன? நம் பழைய வீடுகளை நினைத்துக்கொள்ளுங்கள். வழிப்போக்கர் யாரும் வந்து உட்கார வாசலில் திண்ணை இருக்கும். நகையும் பத்திரமும் இருப்பது உள் அறையில். திண்ணையில் இருந்து உள் அறைக்குக் கதவே கிடையாது. கூடங்குளத்திலும் அலுவலக வேலைக்கான, இணையத்தோடு சேர்ந்த கம்ப்யூட்டர்கள் தனி. நிலையத்தை இயக்கும் கம்ப்யூட்டர்கள் தனி. நிரல் புகுந்தது திண்ணையில் இருந்த ஒருவருடைய கம்ப்யூட்டரில். மனிதர்கள் தவறு செய்வார்கள் என்று முன்பே எண்ணிக் கட்டிய ஏற்பாடு அது. கெட்டிக்காரத்தனம்தான்.

ஆனால் அந்த 29-ம் தேதி அறிக்கை மனதில் உறுத்துகிறது. 'இல்லவே இல்லை' என்று முதலில் சொல்லத் தோன்றுகிறதே, ஏன்? பெரிய இடத்தில் இருப்பவர்களுக்கே அப்படித் தோன்றினால், ஏழாம் வகுப்புப் பிள்ளைக்குத் தோன்றாதா?

இரண்டு நாள் பேசாத பிள்ளை

அப்படி ஒரு பிள்ளையை எனக்குத் தெரியும். பெயர் வேண்டாம். எங்கள் தெருப் பிள்ளைதான். அம்மா ஏலத்தோட்டத்துக்கு ஜீப்பில் போகிறவர். மலையில் பல இடத்தில் சிக்னல் கிடைக்காது என்பதால் செல்போனை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போவார். அன்றைக்குப் பள்ளி விடுமுறை. பத்து மணிக்கு அழைப்பு வந்தது.

"பாப்பா, அம்மா இல்லையா? பேங்க்ல இருந்து பேசுறேன். அம்மாவோட ஏ.டி.எம். கார்டு இன்னிக்கோட முடியுது. இப்பவே சரி பண்ணலைன்னா அம்மா கூலிப் பணம் எடுக்க முடியாது. நீ நல்லாப் படிக்கிற பொண்ணுதானே? கார்டுல இருக்கிற நம்பரை வாசி பார்ப்போம்."

பிள்ளை அரிசி டப்பாவுக்குள் இருந்த கார்டை எடுத்து வாசித்தது. பின்பக்கத்து மூன்று எண்ணையும் வாசித்தது. பிறகு போனுக்கு ஒரு ஓ.டி.பி. எண் வந்தது. அதையும் வாசித்தது. தெளிவாக, பிழையில்லாமல் வாசித்தது. நான்தான் அதற்கு எண்களை உரக்க வாசிக்கச் சொல்லிக் கொடுத்திருந்தேன்.

அம்மாவின் மூன்று வாரக் கூலி போய்விட்டது.

பணம் எடுத்ததாகச் செய்தி வந்ததும் பிள்ளைக்குப் புரிந்துவிட்டது. சொன்னால் அடி விழும் என்ற பயம். செய்தியை அழித்துவிட்டது. சாயங்காலம் அம்மா வந்து கேட்டபோது, "யாரும் போன் பண்ணலை" என்றது. இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. மூன்றாம் நாள் அம்மா ஏ.டி.எம்.முக்குப் போனபோதுதான் தெரிந்தது. பிள்ளையைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு என் வீட்டுக்கு வந்தார்.

"டீச்சர், இந்தப் புள்ள என்ன காரியம் பண்ணியிருக்குன்னு கேளுங்க!"

நான் பிள்ளையைப் பக்கத்தில் உட்கார வைத்தேன். பெரியவர்கள் சொன்னால் உடனே செய், எதிர்த்துக் கேள்வி கேட்காதே, இப்படித்தானே நாங்கள் எல்லோரும் சேர்ந்து வளர்த்தோம்? அந்தத் திருடன் அதைத்தான் பிடித்துக்கொண்டான். பிள்ளையின் கெட்ட குணத்தால் போன பணம் அல்ல அது. நல்ல குணத்தால் போனது. அம்மாவிடமும் அதைச் சொன்னேன். அவர் பதில் சொல்லவில்லை. ஆனால் பிள்ளையின் கையை விட்டார்.

1930 என்ற எண்ணுக்கு அன்றே பேசினோம். இணையவழிப் பண மோசடிகளைப் புகார் செய்ய மத்திய அரசு வைத்திருக்கும் உதவி எண் அது. திருடு போன பணம் ஒரே இடத்தில் இருக்காது. ஒரு கணக்கில் இருந்து இன்னொன்றுக்கு, அங்கிருந்து மற்றொன்றுக்கு என்று மாறிக்கொண்டே இருக்கும். சீக்கிரம் சொன்னால், வழியில் ஏதாவது ஒரு கணக்கில் அதை முடக்கி வைக்க முடியும். நேரம் ஆக ஆக வாய்ப்பு குறைந்துவிடும். மூன்றாம் நாள் சொன்னதால் எங்களுக்கு ஒன்றும் திரும்பவில்லை. பத்து மணிக்கு நடந்ததைப் பதினொரு மணிக்குச் சொல்லியிருந்தால், ஒருவேளை கிடைத்திருக்கும். அந்த இரண்டு நாளைத் திருடனுக்குக் கொடுத்தது பாஸ்வேர்டு அல்ல, அடிக்குப் பயந்த மௌனம். அப்பா அம்மாக்களே, இந்தப் பக்கத்தைப் பிள்ளைகளுக்குப் படித்துக் காட்டுகிறீர்கள் என்றால், இந்த வரியை உங்களுக்காக இன்னொரு முறை படித்துக்கொள்ளுங்கள்.

இன்னும் ஒன்றும் சொல்ல வேண்டும். வங்கியில் இருந்து யாரும் போனில் ஓ.டி.பி. கேட்க மாட்டார்கள். நமக்குப் பணம் வருவதற்கு ரகசிய எண் எதையும் போட வேண்டியதில்லை. பணம் கொடுப்பதற்குத்தான் போட வேண்டும். 'உங்களுக்குப் பணம் அனுப்புகிறேன், உங்கள் பின் நம்பரைப் போடுங்கள்' என்று எவனாவது சொன்னால், அவன் வாங்க வந்தவன். விளையாட்டில் இலவசமாக வைரம் தருகிறேன் என்று பாஸ்வேர்டு கேட்கிறவனும் அவனுக்குச் சொந்தக்காரன்தான்.

போன வாரம் அந்த வீட்டுக்குப் போயிருந்தேன். பிள்ளை இப்போது எட்டாம் வகுப்பு. கதவுக்குப் பின்னால் சாக்பீஸால் இரண்டு எண்கள் எழுதியிருந்தது. ஒன்று, அம்மா போகும் ஜீப் டிரைவரின் எண். இன்னொன்று 1930. நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே போன் அடித்தது. யாரோ, எங்கிருந்தோ, பரிசு விழுந்திருக்கிறது என்றார்கள்.

"எங்க டீச்சர் பக்கத்துல இருக்காங்க, குடுக்கவா?" என்றது பிள்ளை.

அந்தப் பக்கம் போனை வைத்துவிட்டார்கள்.